ராணி ஆக மாட்டேன்னு அழுதவ ரெண்டாம் பாகத்துலயும் அழணுமா?

செப்டம்பர் 14, இரவு 11:20

என் நாவலோட முதல் பாகம் படிச்சு முடிச்ச ஒரு வாசகி கேட்டது, அப்படியே போடுறேன்: "அக்கா, 38 அத்தியாயம் எனக்கு இந்தக் கிரீடம் வேணாம்னு அழுதா, கடைசியில எடுத்து வச்சுக்கிட்டா. ரெண்டாம் பாகம் நாலு அத்தியாயம் வந்தாச்சு, இன்னும் வேணாம்னுதான் அழறா. வேணாம்னா கழட்டி வச்சுட்டுப் போக வேண்டியதுதானே?"

பதில் எழுதலாம்னு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆச்சு, பதில் இல்ல. அதான் இங்க கொட்டுறேன்.

முதல் பாகம் படிக்காதவங்களுக்கு: கதை ஸ்காட்லாந்துல எடின்பரோவுல நடக்குது. தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு, அங்க படிக்கப் போனவ. ஒரு வியாழக்கிழமை ராத்திரி கால்டன் ஹில் மலைக்கு அடியில இருந்து மேளச் சத்தம் கேக்குது, அவளுக்கு மட்டும். போறா, ஃபேங்கிற மாய ஜனங்க (இங்கிலீஷ் கதையில வர்ற ஃபேரி) கிட்ட மாட்டிக்கிறா, கடைசியில அவங்க ராணி ஆகுறா. (மேளம் என் கற்பனை இல்ல. 1684ல அச்சான ஒரு புத்தகத்துல லீத் ஊர்ப் பையன் ஒருத்தன், பத்துப் பதினோரு வயசு, ஒவ்வொரு வியாழன் ராத்திரியும் அந்த மலைக்குக் கீழ இருக்கிற கூட்டத்துக்கு மேளம் அடிக்கப் போவேன்னு சொன்னதா இருக்கு. எனக்குப் பிடிச்சது அந்த வியாழக்கிழமைதான். ஏதோ ஷிஃப்ட் வேலை மாதிரி.) காதலன் உள்ளூர்க்காரன், நர்ஸ், ஆத்துக்கு அந்தப் பக்கம் டன்ஃபர்ம்லின்ல வேலை. அவனுக்குத் தெரிஞ்ச தமிழ் ரெண்டே வார்த்தை, அது பின்னாடி வரும்.

செப்டம்பர் 15, காலை

"கழட்டவே முடியாத கிரீடம்னு ஒரு மந்திரம் வச்சுடுங்க, பிரச்சனை தீர்ந்துச்சு"ன்னு ஒரு தம்பி. இல்ல தம்பி. கழட்டவே முடியாதுன்னா அப்புறம் தயக்கம்னு ஒண்ணே கிடையாது. பூட்டின ரூமுக்குள்ள இருக்கிறவ எனக்கு இந்த ரூம் வேணாம்னு சொன்னா அதுல கதை எங்க இருக்கு. கதவு திறந்து இருக்கணும். திறந்திருந்தும் அவ ஏன் போகல, அதான் கேள்வி.

செப்டம்பர் 18, இரவு 1:05

ரெண்டு மூணு நாள் இதையே மென்னுக்கிட்டு இருந்தேன். நானே இப்படி ஒரு ரெண்டாம் பாகத்தைப் பாதியில தூக்கிப் போட்டவதான், காரணம் அச்சு அசல் இதே. முதல் பாகத்துல அவ வேணாம்னு சொன்னது பிடிச்சிருந்துச்சு, ஏன்னா அவளுக்கு நிஜமாவே இழக்க ஒரு வாழ்க்கை இருந்துச்சு. ரெண்டாவதுல அந்த வாழ்க்கை போயிடுச்சு, ஆனா வசனம் மட்டும் அப்படியே நிக்குது. அதே தப்பை நானே பண்ணி வச்சிருக்கேன்.

சம்பந்தமில்லாத மாதிரி ஒண்ணு சொல்றேன். சில வருஷம் முன்னாடி என்னை டீம் லீட் ஆக்கினாங்க. நான் கேக்கல. வேணாம்னு ரெண்டு தடவை மெயில் போட்டேன், வீட்டுல வந்து அழுதேன், என் வேலைய நிம்மதியா பார்த்துட்டு இருந்தவள எட்டுப் பேருக்கு லீவு அப்ரூவ் பண்ண வச்சுட்டாங்களேன்னு. ஆறு மாசம் கழிச்சு ஜுரத்துல ஒரு வாரம் படுத்துட்டேன். திரும்பிப் போனா என் இடத்துல இன்னொருத்தர் மீட்டிங் நடத்திட்டு இருந்தார். நல்லாவே நடத்தினார். எல்லாரும் சிரிச்சுட்டு இருந்தாங்க. எனக்குள்ள சுர்ருன்னு ஏறுச்சு பாருங்க, அது என்ன எழவுன்னு அன்னைக்குப் புரியல. அன்னைக்குச் சாயங்காலமும் ஃப்ரெண்டு கிட்ட "எனக்கு இந்த லீட் வேலையே பிடிக்கல"ன்னுதான் சொன்னேன். சுத்தப் பொய்.

ராணி இப்ப இருக்கிறது அங்கதான்னு நினைக்கிறேன். அவளுக்கு வேணாம்ங்கிற பயம் தீர்ந்து போச்சு. பிடிச்சுப் போச்சோங்கிற பயம் வந்தாச்சு.

செப்டம்பர் 18, இரவு 1:20

மேல எழுதினதப் பார்த்தா புத்தகம் முழுக்க ஆபீஸ் அரசியலா போயிடும் போல. ஃபே சபையில லீவு அப்ரூவல் கிடையாது, பயப்படாதீங்க.

செப்டம்பர் 21

பழைய கதைகள்ல ராணிக எப்படின்னு திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒருத்தி கூடத் தயங்கல! அபர்டீன்ல 1598ல சூனிய வழக்குல மாட்டின ஆண்ட்ரோ மேன்ங்கிற கிழவரோட வாக்குமூலம்: எல்ஃப் (ஃபேக்கு இன்னொரு பேர்) ராணி நினைச்சா கிழவியா இருப்பா, நினைச்சா குமரியா இருப்பா, தனக்குப் பிடிச்சவன ராஜா ஆக்குவா, தனக்குப் பிடிச்சவன் கூடப் படுப்பா. கவனிங்க, அங்க ராஜா கட்டிக்கிட்டதால ஒருத்தி ராணி ஆகல, ராணி கை காட்டினவன்தான் ராஜா. இப்ப வர்ற நாவல்கள்ல பாதி தலைகீழா இருக்கு, ஒரு அழகான ராஜா வந்து நீதான் என் ராணின்னு சொல்லணும், இவ கண்ணைக் கசக்கணும். முதல் பாகத்துல நானும் அதைத்தான் பண்ணேன், இல்லைங்கல.

1662ல இன்னொரு வாக்குமூலம், இசபெல் கௌடி. ராணிய வெள்ளை லினன் உடுப்புல பார்த்தேன்னு சொல்றா, ராஜா வாட்டசாட்டமா அகல முகத்தோட இருந்தான்னு சொல்றா, அதோட அங்க திரிஞ்ச எல்ஃப் காளைங்க கத்தினதுல பயந்துட்டேன்னும் சொல்றா. அந்தக் காளை இருக்கே, அதுக்காகவே நம்பலாம் போல இருக்கு. பொய் சொல்றவ இவ்வளவு தேவையில்லாத காளைய உள்ள விட மாட்டா. சொல்லிட்டேனே தவிர, இதெல்லாம் உயிர் போற விசாரணையில நின்னு சொன்ன வார்த்தைங்க. ரசிச்சுப் படிக்கவும் ஒரு மாதிரி உறுத்தலா இருக்கு.

அப்புறம் தாம் லின்ங்கிற பழைய ஸ்காட்லாந்துப் பாட்டு. 1549லயே அந்தக் கதையப் பத்தின பேச்சு இருக்கு, அவ்வளவு பழசு. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் தொகுத்த 305 பாட்டுல 39ஆவது. எல்லாரும் ஜேனட் பக்கம் நிப்போம். ஹாலோவீன் ராத்திரி நாற்சந்தியில காத்திருந்து, ஃபே ராணி பிடிச்சு வச்சிருக்கிற காதலன் தாம் லின்ன குதிரை மேல இருந்து இழுத்து இறக்கி, அவன் பாம்பாகி மிருகமாகி நெருப்புக் கங்காகி எரிஞ்சாலும் விடாம கட்டிப் பிடிக்கிறவ. சரி. ஆனா ராணி ஏன் அவன வச்சிருந்தா? ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கூட்டம் நரகத்துக்கு ஒரு உயிரைக் கப்பம் கட்டணும். இந்தத் தடவை தன்னைக் குடுத்துடுவாங்களோன்னு தாம் லின்னுக்குப் பயம்.

யாரைக் குடுக்கிறதுன்னு முடிவு பண்றது யாரு? ராணி. என் ராணி.

ஐயோன்னு இருக்கு. ஒரு பாகம் முழுக்கக் கிரீடம் வச்சிருந்தவ கப்பம் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, நானும் யோசிக்கல.

செப்டம்பர் 22

ஆமா, போன பதிவுல விட்டுட்டேன், கடைசியில தோத்துப் போன ராணி பேசுறது. இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா உன் ரெண்டு கண்ணையும் பிடுங்கிட்டு மரக்கண்ணு வச்சிருப்பேன்னு தாம் லின் கிட்ட சொல்லுவா. சின்ன வயசுல அது வில்லி வசனமாத்தான் கேட்டுச்சு. இப்பக் கேட்டா அடுத்து யாரைக் குடுக்கிறதுன்னு தெரியாத ஒருத்தியோட பதட்டமா கேக்குது. வயசாகுது எனக்கு.

செப்டம்பர் 26, மதியம்

இரும்பு. இதப் பத்தி மூணு பேர் கேட்டாச்சு. "ஃபேக்கு இரும்பு ஆகாதுன்னா ராணி எடின்பரோவுல எப்படி நடமாடுறா?"

கஷ்டப்பட்டுத்தான். நான் அங்க ரெண்டு வருஷம் இருந்தேன், நியூ டவுன் பக்கம் ஒவ்வொரு வீட்டு முன்னாடியும் கருப்பு இரும்புக் கிராதி வரிசையா நிக்கும், தெரு முடியற வரைக்கும். அதனால அவ பிளாட்ஃபார்ம்ல நடக்க மாட்டா, நடுரோட்டுல நடப்பா. ஹாரன் அடிப்பாங்க. அவளப் பத்தி மத்தவங்களுக்கு முதல்ல தெரியறதே "நடுரோட்டுல நடக்கிற லூசுப் பொண்ணு"ன்னுதான்.

ஆனா பெரிய பிரச்சனை அது இல்ல, பாலம். அவன் அந்தக் கரை, இவ இந்தக் கரை. நடுவுல ஃபோர்த் ரயில் பாலம், 1890ல திறந்தது, கிட்டத்தட்ட ரெண்டரை கிலோமீட்டர், 50 ஆயிரம் டன்னுக்கு மேல எஃகு. எஃகுன்னா என்ன, முக்கால்வாசிக்கு மேல, கிட்டத்தட்ட முழுசா இரும்புதான். முதல் தடவை அதுல போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. டால்மெனி ஸ்டேஷன் தாண்டினதும் சிவப்புக் குழாய்ங்க ஜன்னல் பக்கத்துலயே குறுக்கயும் நெடுக்கயும் ஓட ஆரம்பிக்கும், ரயில் சத்தமே மாறும், ஏதோ பெரிய மிருகத்தோட விலா எலும்புக்குள்ள போற மாதிரி. பக்கத்துல இருந்த ஒரு பெரியவர், அந்தக் காலத்துல பாலத்து மேல போறப்போ ஜன்னல் வழியா காசு போடுவோம், அதிர்ஷ்டம்னு சொன்னார். அன்னைக்கே தோணுச்சு, ஃபே பொண்ணு ஒருத்தி இதுல உட்கார்ந்தா என்ன ஆவான்னு. இந்த நாவலே அங்கதான் ஆரம்பிச்சுது, மேளத்துல இல்ல.

அப்புறம் தெரிஞ்சுக்கிட்ட கூத்து: 1992க்கு அப்புறம் அடிச்ச ஒரு பென்னி, ரெண்டு பென்னி காசு பெரும்பாலும் செம்பு பூசின எஃகு, காந்தம் வச்சா ஒட்டும். ஆக ராணியால சில்லறை கூட வாங்க முடியாது.

செப்டம்பர் 26, இரவு

"ரோட்டுல போகலாமே" – பக்கத்துலயே ரெண்டு ரோட்டுப் பாலம் இருக்கு, 1964ல ஒண்ணு, 2017ல ஒண்ணு, ரெண்டும் எஃகுக் கயித்துல தொங்குது. 

"ஸ்டர்லிங் வழியா சுத்திப் போகலாமே, அங்க பழைய கல் பாலம் இருக்கே" – இது நல்ல யோசனை, ஆனா ஸ்டர்லிங் 50 கிலோமீட்டருக்கு மேல. கார் எஃகு. குதிரையில போனா லாடம் இரும்பு. லாடம் இல்லாத குதிரை கிடைச்சாலும் காதலனப் பார்த்துட்டுத் திரும்ப நாலு நாள் ஆகும், அவன் ஷிஃப்ட் மாறிடும்.

படகு. படகுதான். பாலத்துக்கு இந்தக் கரையில இருக்கிற ஊர் பேரே சவுத் க்வீன்ஸ்ஃபெரி! ராணியோட படகுத்துறை. 11ஆம் நூற்றாண்டுல மார்கரெட்னு ஒரு ராணி, யாத்திரைக்காரங்க ஆத்தைக் கடக்கப் படகு ஏற்பாடு பண்ணினதால வந்த பேர். எண்ணூறு வருஷத்துக்கு மேல ஓடுன படகு 1964ல அந்த ரோட்டுப் பாலம் திறந்ததும் நின்னு போச்சு. ராணிக்குன்னு ஒரு படகு இருந்து, மனுஷங்க இரும்புப் பாலம் கட்டி அதை நிறுத்திட்டாங்க. இத நானா யோசிச்சு எழுதியிருந்தா ரொம்ப செயற்கையா இருக்குன்னு நானே அடிச்சிருப்பேன்.

செப்டம்பர் 29

நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு வாசகர்: "மனுஷ உடம்புல சுமார் 4 கிராம் இரும்பு இருக்கு, மூணுல ரெண்டு பங்கு ரத்தத்துல. அப்ப அவன் கட்டிப்பிடிச்சா அவளுக்குச் சுடணுமே?"

சுடாது, அது உலையில காய்ச்சி அடிச்ச உலோகம் இல்லன்னு சமாளிக்கலாம்னு இருந்தேன். ஆனா யோசிக்க யோசிக்க ஆசையா இருக்கு. ராணி பொறந்தது மனுஷியா. அவ ரத்தத்துலயும் அந்த இரும்பு இருந்திருக்கணும். கிரீடம் வச்சதுல இருந்து அது கொஞ்சம் கொஞ்சமா குறையுது, முகம் வெளுக்குது, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, கை ஜில்லுன்னு இருக்கு. எல்லாரும் ஃபே அழகு வந்துடுச்சுன்னு சொல்றாங்க.

செப்டம்பர் 29, பத்து நிமிஷம் கழிச்சு

"அக்கா அது ரத்தசோகை."

தெரியும்! காதலன் நர்ஸ், அவனும் அதைத்தான் சொல்லுவான், மாத்திரை வாங்கிட்டு வருவான். இரும்புச் சத்து மாத்திரை. அந்த சீன் எழுதிட்டேன், சிரிச்சுக்கிட்டே எழுத ஆரம்பிச்சு, அவ அந்த மாத்திரைய உள்ளங்கையில வச்சுப் பார்த்துட்டு நிக்கிற இடத்துல நிறுத்திட்டேன். முழுங்கினா வலிக்கும், ஆனா முழுங்கினா மனுஷியா இருக்கலாம், இன்னும் கொஞ்ச நாளைக்கு. கழட்டி வைக்கக் கதவு வேணும்னு சொன்னேனே, அது இதுதான். தினமும் காலையில ஒரு மாத்திரை.

அக்டோபர் 3

பொய். ஃபே பொய் சொல்ல முடியாதுங்கிற விதி முதல் பாகத்துலயே இருக்கு, ஆனா மத்தவங்களுக்குத்தான், அவ அப்ப மனுஷி. இப்ப அவளுக்கும் வந்தாச்சு. இது இந்த நாவல்காரங்க கண்டுபிடிச்சது, நாட்டுப்புறக் கதையில கிடையாதுன்னு நினைக்கிறேன். பழைய பாட்டுல பொய் சொல்ல முடியாத ஒரே ஆள் மனுஷன், தாமஸ் த ரைமர். ராணி அவன ஏழு வருஷத்துக்குக் கூட்டிட்டுப் போற வழியில கூலியா ஒரு ஆப்பிள் குடுப்பா, இனிமே உன் நாக்கு பொய் பேசாதும்பா. அதுக்கு அவன் சண்டைக்கு வருவான்! என் நாக்கு என்னுது, இப்படிப் பண்ணிட்டா சந்தையில எப்படி வாங்குவேன் விப்பேன், பெரிய மனுஷங்க கிட்ட எப்படிப் பேசுவேன், ஒரு பொண்ணு கிட்ட எப்படித் தயவு கேப்பேன்னு. வரம் குடுத்தவ கிட்டயே அது சாபம்னு சொன்ன ஆளு. பொண்ணு கிட்டப் பேசணும்னா பொய் வேணும்னு எவ்வளவு தெளிவா தெரிஞ்சு வச்சிருக்கான் பாருங்க.

நானும் முயற்சி பண்ணிப் பார்த்தேன், கதைக்காக. ஒரு வாரம் பொய்யே சொல்லக் கூடாதுன்னு. பெரிய பொய்யெல்லாம் நாம தினமும் சொல்றதில்ல, அதனால சுலபம்னு நினைச்சேன். முதல் நாளே விழுந்தேன். வீட்டுக்காரர் "என்னாச்சு?"ன்னார். "ஒண்ணுமில்ல"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நிறுத்தினேன். அவர் காத்துட்டு நிக்கிறார். வேற வழியில்லாம என்ன ஆச்சுங்கிறதச் சொன்னேன். ரெண்டு மணி நேரம் பேசினோம், அதுல முக்கால் மணி நேரம் சண்டை. ரெண்டாம் நாள் "இதோ கிளம்பிட்டேன்"னு சொல்ல முடியல, சோபாவுல படுத்திருந்தேன். மூணாம் நாள் ஒருத்தங்க குழந்தை பாடினத அனுப்பி எப்படி இருக்குன்னு கேட்டாங்க. நாலாம் நாள் வேணாம்டா சாமின்னு விட்டுட்டேன்.

நான் எண்ணிப் பார்த்த வரைக்கும் ஒரு நாளைக்கு அதிகமா சொன்ன பொய் "ஒண்ணுமில்ல"தான். காதலனுக்குத் தெரிஞ்ச ரெண்டு தமிழ் வார்த்தையில முதல் வார்த்தை அது. அவ சொல்லிச் சொல்லி அவனுக்குப் பழகினது, அவன் உச்சரிப்புல "ஒனுமிலா". இப்ப அவ அதச் சொல்றதில்லைங்கிறத அவன் கவனிக்கிறான். என்னாச்சுன்னு கேட்டா பேச்சை மாத்துறா, கேள்விக்குக் கேள்வி கேக்குறா. பழைய மாதிரி ஒரு தடவை பொய் சொன்னாப் போதும்னு அவனுக்கு ஏங்குது.

அக்டோபர் 4, அதிகாலை 2:40

தூங்கல. கேள்வி கேட்ட அந்தப் பொண்ணுக்கு இப்பப் பதில் கிடைச்சுடுச்சு, முன்னாடியே கண்ணு முன்னாடி இருந்திருக்கு.

அவளால பொய் சொல்ல முடியாது. அப்படின்னா "எனக்கு இந்தக் கிரீடம் வேணாம்"னு அவ ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் அது நிஜமா இருந்தாத்தான் வாயில இருந்து வரும். நாலாவது அத்தியாயத்துல சொல்றா, வருது. ஒன்பதுல சொல்றா, கொஞ்சம் திக்குது. பதினாறுல சபை நடுவுல, எல்லாரும் பார்க்க, வழக்கம் போல அந்த வசனத்தைச் சொல்லலாம்னு வாயைத் திறக்கிறா. வரல. தொண்டையில நிக்குது.

சபைக்கே தெரிஞ்சு போச்சு. அவளுக்கே அப்பதான் தெரியுது.

அதனால அந்தப் புலம்பலை வெட்டப் போறதில்ல. இன்னும் ரெண்டு இடத்துல சேர்க்கப் போறேன். நீங்க சலிச்சுக்கிட்டே படிக்கணும், பதினாறுக்காக.

அக்டோபர் 4, காலை

மேல எழுதினத பகல்ல படிச்சேன், இன்னும் நல்லாத்தான் இருக்கு. பொதுவா ராத்திரி ரெண்டு மணி ஐடியா காலையில காறித் துப்பும்.

ஆமா, சஸ்பென்ஸை நானே உடைச்சுட்டேன். பரவால்ல, தொண்டையில நிக்கும்னு தெரிஞ்சு படிச்சாலும் எந்த இடம்னு தேடுவீங்க.

அக்டோபர் 9

திருத்தம். பொய் சொல்லாத ஃபே நாவல்காரங்க சரக்குன்னு சொன்னது தப்பு. ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ்னு ஒரு பாதிரியார் 1188ல வேல்ஸ் முழுக்கச் சுத்தி வந்து எழுதினதுல எலிடர்னு ஒரு பையன் கதை வருது. பன்னெண்டு வயசு, வாத்தியார் அடிக்குப் பயந்து ஆத்தங்கரைக் குழிக்குள்ள ஒளிஞ்சிருந்தவன ரெண்டு குட்டி மனுஷங்க வந்து கூட்டிட்டுப் போறாங்க. அந்த ஜனங்க சத்தியமே பண்ண மாட்டாங்களாம், பொய்ய விட அவங்களுக்கு அருவருப்பு வேற இல்லையாம். மேல வந்துட்டுப் போறப்பல்லாம் மனுஷங்களோட பேராசையும் நிலையில்லாத்தனமும் பத்தித் திட்டிட்டுப் போவாங்களாம்.

ஆனா ஒரு வித்தியாசம். அவங்க பொய்ய வெறுத்தாங்க. முடியாதுன்னு இல்ல, பிடிக்காது. முடியாதுங்கிறது பூட்டு, பிடிக்காதுங்கிறது குணம். என் கதைக்குப் பூட்டுதான் வேணும், அதனால ஜெரால்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு என் விதியவே வச்சுக்கிறேன்.

அக்டோபர் 10

இன்னொரு திருத்தம், இது முதல் பாகத்துல. ஃபேங்க சீலி, அன்சீலின்னு ரெண்டு சபையா பிரிஞ்சிருப்பாங்க, அதுல சீலி சபைன்னா கோடை, அன்சீலின்னா குளிர்காலம்னு எழுதி வச்சிருந்தேன். நாவல்கள்ல அப்படி வந்து வந்து பழகிடுச்சு. ஸ்காட்லாந்து வழக்குல அந்தப் பிரிவினைக்கும் பருவத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சீலின்னா பாக்கியம் பெற்ற, நல்லதுன்னு அர்த்தம். அதே வேர்லதான் இங்கிலீஷ்ல சில்லியும் வந்துச்சு. ஆக என் ராணி சில்லி சபைக்கு ராணி. இத வச்சு ஏற்கனவே ரெண்டு பேர் ஓட்டியாச்சு, போதும்.

அக்டோபர் 13

"ஃபே ஃபேன்னு எழுதுறீங்களே, தேவதைன்னு எழுதினா என்ன?"

எழுதிப் பார்த்தேன். தேவதைன்னதும் வெள்ளை கவுன், ரெக்கை, கையில குச்சி. மோகினின்னா பேய்க் கதையாயிடுது. அணங்குதான் கிட்ட வருது. அழகும் பயமும் ஒண்ணா இருக்கிற, பக்கத்துல போனவன நோக வைக்கிற ஒண்ணு. குறள்ல 109ஆவது அதிகாரமே தகையணங்குறுத்தல், முதல் வார்த்தையே அணங்குதான், அவளப் பார்த்தவன் இது அணங்கா, மயிலா, மனுஷியான்னு தடுமாறுவான். என் காதலன் ரெண்டாம் பாகம் முழுக்க அந்தச் சந்தேகத்துலதான் இருக்கான். அதனால சபையில கிழவி ஒருத்தி மட்டும் ராணிய "அணங்கு"ன்னு கூப்பிடுவா. மத்தபடி ஃபேதான். 800 பக்கம் அணங்குன்னு எழுதினா எனக்கே சங்க காலத்துல மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும்.

அக்டோபர் 19, இரவு

ரெண்டாவது வார்த்தை. "போயிட்டு வரேன்."

இதை முதல் பாகத்துல சும்மா அழகுக்காக வச்சேன். நாம கிளம்பறப்போ போறேன்னு சொல்ல மாட்டோம், போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம்னு அவ அவனுக்குச் சொல்லிக் குடுப்பா, அவன் தப்பா "போட்டு வறேன்"னு சொல்லுவான், சிரிப்பாங்க. அவ்வளவுதான். இப்ப அந்த ரெண்டு வார்த்தையும் வெடிகுண்டா மாறிடுச்சு. பொய் சொல்ல முடியாதவ "போயிட்டு வரேன்"னு சொன்னா வந்தே ஆகணும். வர முடியுமான்னு தெரியாத அன்னைக்கு அது வாய்ல வராது.

அதனால க்வீன்ஸ்ஃபெரியில ஹாஸ் பியர்ங்கிற படகுத்துறையில, தலைக்கு மேல அந்தச் சிவப்புப் பாலம், படகுல ஏறப் போறா. ஹாலோவீன் ராத்திரி. கப்பம் கட்ட வேண்டிய ராத்திரி. அவன் கரையில நிக்கிறான். எப்பவும் போல அவ சொல்லுவான்னு காத்திருக்கான். அவ வாயைத் திறக்கிறா, மூடுறா. "போறேன்"ங்கிறா.

அவனுக்குத் தமிழ் ரெண்டே வார்த்தைதான் தெரியும். மூணாவதா இந்த வார்த்தைய அன்னைக்குத்தான் கத்துக்கிறான்.

அக்டோபர் 20

அழுதேன்னு நாலு பேர் சொல்லியிருக்கீங்க, சந்தோஷம். ஒருத்தர் மட்டும் "நடு ராத்திரி அந்தத் துறையில குளிரும், அவன் ஜாக்கெட் போட்டிருக்கானா"ன்னு கேட்டிருக்கார். போட்டிருக்கான்.

அக்டோபர் 24

கப்பம் யாருங்கிறதுல இன்னும் முட்டிக்கிட்டு நிக்கிறேன். மூணு வழி எழுதிப் பார்த்தாச்சு.

அவ தன்னையே குடுக்கிறது: வேணாம். தியாகம் பண்ணிட்டா அப்புறம் அவளுக்குக் கிரீடம் பிடிச்சுப் போன விஷயத்தை யாரும் கேக்க மாட்டாங்க, கழுவி விட்ட மாதிரி ஆயிடும். செத்தவங்க மேல யாரும் குத்தம் சொல்றதில்ல, அதுல ஒளிஞ்சுக்கிற வேலை.

கப்பமே கட்ட மாட்டேன்னு புரட்சி பண்றது: நானும் ஆசைப்பட்டேன். ஆனா முதல் பாகம் முழுக்க விதி விதின்னு மிரட்டிட்டு கடைசியில விதிய மாத்திட்டேன்னு சொன்னா வாசகர் காறித் துப்புவாங்க.

மூணாவது, தாம் லின் பாட்டையே திருப்புறது. பாட்டுல விடாம பிடிச்சவ ஒருத்தி, இழந்தவ ஒருத்தி. இங்க ரெண்டும் ஒரே ஆள். சபை கை காட்டுறது மேளம் அடிக்கிற பையன. 1684ல இருந்து வியாழக்கிழமை தவறாம வந்துட்டு இருக்கிறவன், அவனுக்காகக் கேக்க யாரும் இல்ல. ராணியா கையெழுத்துப் போட வேண்டியவளும் அவதான், மனுஷியா அவனைக் கட்டிப் பிடிச்சு விடாம நிக்க வேண்டியவளும் அவதான். அவன் என்னவா மாறுவான்னு யோசிச்சேன், பாம்பு நெருப்பெல்லாம் அவளுக்கு ஒண்ணும் பண்ணாது. அவன் பழுக்கக் காய்ச்சின இரும்பா மாறுவான்.

அந்த மாத்திரைய அவ முழுங்கிட்டு இருந்தாளா, நிறுத்திட்டாளாங்கிறது இங்கதான் தெரியும். இரும்புக்குப் பழகின உடம்புன்னா தாங்கும். ராணியா முழுசா ஆகியிருந்தா விட்டுடுவா.

அவ என்ன பண்ணான்னு சொல்ல மாட்டேன். பதினாறாவது அத்தியாயத்தை உளறினது போதும்.

அக்டோபர் 31

யாரோ ஒருத்தர் ரெண்டாம் பாகத்தை முதல்ல இருந்து படிச்சுட்டு வந்து கேக்குறார்: "ஏழாவது அத்தியாயத்துல அவன் கையில என்னன்னு கேப்பான், ராணி 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லுவா. கையில மோதிரத்தை மறைச்சு வச்சிருப்பா. பொய் சொல்ல முடியாதுன்னீங்க?"

செத்தேன்.

நவம்பர் 1

வெட்டலாம்னு போனேன். அந்த "ஒண்ணுமில்ல"வ எடுத்தா சீனே செத்துப் போகுது, அவ வாயில இருந்து அவன் கேட்ட கடைசி "ஒண்ணுமில்ல" அதான், பின்னாடி அத நினைச்சுத்தான் ஏங்குவான். விட்டா விதி உடையுது. இப்போதைக்கு ராணி கிரீடத்துக்குப் புதுசுன்னு ஒரு சப்பைக்கட்டு கட்டலாமான்னு யோசிச்சு எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

நவம்பர் 2, இரவு 12:15

சரி பண்ணிட்டேன். வசனத்துல ஒரு எழுத்து மாத்தல. அவன் "அந்தக் கையில என்ன?"ன்னு வலது கைய காட்டிக் கேக்குறான். அவ உள்ளங்கைய விரிச்சுக் காட்டி "ஒண்ணுமில்ல"ங்கிறா. நிஜமாவே ஒண்ணுமில்ல.

மோதிரத்தை அதுக்கு முந்தின வரியில இடது கைக்கு மாத்திட்டேன்.